ஓட்டைக்கொரு பெட்டி

இவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பிப்போம் என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். ஒன்றரை வார்த்தைதான் தேறியது. குரலை உயர்த்திப் பேச மாட்டார் என்பது ஒன்று. வேட்டி எப்போதும் வெள்ளையாக இருக்கும் என்பது அரை. அந்த வேட்டியைத் துவைத்ததும் அவர் இல்லை.

சங்கரன்கோவிலில் தேரோடும் வீதியிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவருடைய வளவு இருந்தது. ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக ஐந்து வாடகை வீடுகள். ஒன்றின் சுவரில் ஒட்டிக்கொண்டுதான் அடுத்தது நிற்கும். எதிரே ஒரு வேப்பமரம், ஒரு அடிபம்பு, அதைத் தாண்டி அவருடைய சொந்த மாடி வீடு. ஊரில் அவரை வளவு அண்ணாச்சி என்பார்கள். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். பெயரைப் போட்டு எழுதினால் அதையும் பெருமையாக எடுத்துக்கொள்ளுகிற ஆள்.

நாங்கள் இரண்டாம் வீட்டில் ஆறு வருஷம் குடியிருந்தோம். நான் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். என் வீட்டுக்காரருக்குப் பூச்சந்தையில் எடை போடுகிற வேலை. விடிவதற்கு முன்னால் போய், கூடை கூடையாகத் தூக்கி மல்லிகையும் பிச்சியும் நிறுத்துப் போட்டுவிட்டு, மத்தியானம் வந்து படுப்பார். பள்ளிக்கூடமும் சந்தையும் நடக்கிற தூரம், வாடகையும் குறைவு. இந்த இரண்டுக்காகத்தான் அந்த மனுஷனை ஆறு வருஷம் சகித்தோம்.

அண்ணாச்சியிடம் இருந்தவை பெட்டிகள். டப்பா என்று சொல்லிவிட்டால் அவர் முகம் சுண்டிவிடும். உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னஞ்சிறு பெட்டிகள். செம்பில் செய்து, மேலே எனாமல் பூசி, சூளையில் சுட்டு, மூடியில் உலகத்தின் பெயர்பெற்ற கட்டடங்களை ஒவ்வொன்றாக எழுதியிருப்பார்கள். லண்டன் மணிக்கூண்டு, பாரிஸ் இரும்புக் கோபுரம், நம்ம தாஜ்மகால். விளிம்பும் கீலும் பொன் நிறம். லண்டனில் இருக்கிற மகள் வருஷத்துக்கு இரண்டு மூன்று அனுப்புவாள். அவர் சம்சாரம், எங்களுக்கு மதினி, அவளும் வருஷத்தில் பாதி அந்த மகளோடுதான். ஒவ்வொரு பெட்டியும் வெல்வெட்டுக்குள் படுத்துக்கொண்டு, இருநூறில் இது நாற்பத்தேழாவது என்று ஒரு அட்டையோடு வந்து இறங்கும். ஹாலில் அதற்கென்று ஒரு கண்ணாடி அலமாரி, தட்டுக்குத் தட்டு விளக்கு. வளவு முழுக்கக் கரண்டு போனாலும் அந்த அலமாரிக்கு இன்வெர்ட்டர் உண்டு.

வெள்ளிக்கிழமை குளித்து முடித்துப் பட்டை போட்டுக்கொண்டு அவரே துடைப்பார். வேறு யாரும் தொடக் கூடாது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட பனியன் ஒன்றை அதற்கென்றே வைத்திருந்தார். துடைத்து, உள்ளங்கையில் ஏந்தி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "எனாமலு டீச்சர், எனாமலு. ஆயிரம் வருஷம் ஆனாலும் நெறம் மங்காது" என்பார். இதை நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "எங்க ஆத்தா கஞ்சி குடிச்ச கும்பாவும் எனாமல்தாம்ட்டி. நாலு இடத்துல கருப்பு கருப்பா பேந்து கெடக்கும்" என்றார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். முதல் வருஷம் எனக்கும் அந்தப் பெட்டிகள் மேல் கொள்ளை ஆசை. அந்த நீலத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. தாஜ்மகாலின் தண்ணீரில் தலைகீழாக இன்னொரு தாஜ்மகால், அதற்குள் ஒரு கடுகளவு பறவை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கைப்பையைக்கூட இறக்காமல் அவர் வீட்டு வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். "டீச்சர் படிச்சவிய, அதான் அருமை தெரியுது" என்பார். எனக்கும் குளிர்ந்துபோகும். அப்படி இளித்துக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்போது எனக்கே என்னை ஓங்கி அறையலாம்போல வருகிறது.

முதல் அறை அந்த வருஷம் ஐப்பசியிலேயே விழுந்தது. மழைக்குச் சமையலறை ஒழுகியது. பழைய காலத்து மட்டப்பாக் கூரை. உத்திரத்தின் மேல் செங்கல்லைக் குத்தி நிறுத்திக் காரை பூசியது. அடுப்புக்கு நேர் மேலே சொட்டியது. போய்ச் சொன்னேன். அண்ணாச்சி பதறவில்லை. "உக்காருங்க டீச்சர்" என்றார். அலமாரியைத் திறந்து இரண்டாம் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து என் முன்னால் நீட்டினார். வட்டமாக ஒரு பெரிய கட்டடம், முன்னால் தூண்கள்.

"இது ரோமாபுரியில இருக்கு. கோயிலு. இதுக்குக் கூரையில நட்டநடுவுல ஓட்டை. கட்டும்போதே விட்ட ஓட்டை. மழ பெஞ்சா உள்ளதான் கொட்டும். ஒருத்தனும் அடைக்கல. ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷமா நிக்கி. உலகமே போய் அண்ணாந்து பாக்கு."

"அண்ணாச்சி, நான் அதுக்குக் கீழ ரசம் வைக்கணும்லா" என்றேன்.

சிரித்தார். பெட்டியைத் துடைத்து உள்ளே வைத்தார். அவ்வளவுதான். மழைக்காலம் முழுக்க நான் குடையைப் பரணில் கட்டித் தொங்கவிட்டுச் சமைத்தேன்.

பிறகுதான் அவருடைய ரகம் எனக்குப் பிடிபட்டது. வளவில் எந்த வீட்டில் என்ன குறை என்றாலும் அலமாரியில் அதற்கொரு பெட்டி இருந்தது. ஐந்து வீட்டுக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ், காலையில் வரிசையில் நிற்கவேண்டும், இன்னொன்று கட்டித் தாருங்கள் என்று எல்லாரும் சேர்ந்து போய்க் கேட்டோம். பிரான்ஸ் ராஜாவின் அரண்மனை வெளியே வந்தது. "எண்ணிப் பாக்க முடியாத அளவுக்கு ரூமு. கக்கூஸு ஒண்ணுகூடக் கெடையாதாம். ராஜாவே அப்படித்தான் இருந்திருக்கான்" என்றார். ஐந்தாம் வீட்டுப் பின்சுவர் சாய்ந்தபோது பைசா கோபுரம் வந்தது. அதை நீங்களே ஊகித்திருப்பீர்கள். பாதியில் நிறுத்திய கழிவுநீர்க் கால்வாயை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டதற்கு, ஸ்பெயினில் நூறு வருஷத்துக்கு மேலாகக் கட்டிக்கொண்டே இருக்கிற ஒரு தேவாலயத்தைக் காட்டினார். இந்த ஆள் கட்டடங்களைப் பார்ப்பதற்காக அந்தப் பெட்டிகளை வாங்கவில்லை, எங்கள் வாயை அடைப்பதற்காகத்தான் வாங்கி அடுக்குகிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. இத்தனைக்கும் இவற்றில் ஒரு கட்டடத்தைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை. மகள் எத்தனையோ தடவை கூப்பிட்டும் போகவில்லை. விமானத்தில் காது அடைக்குமாம்.

மூன்றாம் வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். தறி ஓட்டுகிறவள், புருஷன் இல்லை, வாய்க்குப் பூட்டும் இல்லை. ஒருநாள் அவள் கோவிலுக்குப் போய்விட்டு, கையில் புற்றுமண்ணோடு நேரே அண்ணாச்சி வீட்டுக்கு வந்தாள். எங்கள் கோவிலின் புற்றுமண் என்றால் சுற்றுவட்டாரம் முழுக்க நம்பிக்கை. சொறி சிரங்கிலிருந்து பூச்சிக்கடி வரை அதைத்தான் குழைத்துப் பூசுவார்கள். அண்ணாச்சிக்குக் கழுத்தில் ஏதோ அரிப்பு. அதற்குத்தான் நல்ல மனசோடு கொண்டுவந்தாள். அவர் அப்போதுதான் லண்டன் மணிக்கூண்டைத் திறந்து துடைத்துக்கொண்டிருந்தார். "சாமி மண்ணு அண்ணாச்சி, நல்ல டப்பாவுல இருக்கட்டும்" என்று, கையிலிருந்ததை அதற்குள் கொட்டிவிட்டாள்.

நான் வாசலில்தான் நின்றேன். அந்த முகத்தை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல முடியாது. மண்ணை உள்ளே விட்டுவைக்கவும் மனசு வராது. "கீறிரும்... கீறிரும்..." என்று முனகிக்கொண்டே ஜன்னல் பக்கம் கொண்டுபோனார், கண்ணை மூடிக்கொண்டார், ஃபூ என்று ஊதினார்.

"ஏ, சாமி மண்ணை ஊதித் தள்ளுதாரே! நீரெல்லாம் வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம பட்ட போட்டுக் கிழிச்சீரு!" என்று அக்கா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

அதற்கும் அவர் குரலை உயர்த்தவில்லை. "இதுக்குள்ள ஒண்ணும் வைக்கப்பிடாதும்மா. வைக்கிறதுக்கு உள்ளது இல்ல இது" என்றார் மெதுவாக. அக்கா என்னைப் பார்த்து, "வைக்கிறதுக்கு இல்லைன்னா பெறவு என்ன எழவுக்கு மூடி போட்டுருக்கு?" என்றாள்.

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் சிரிக்கிற கதை. இனிமேல் சொல்வதைச் சிரித்துக்கொண்டு சொல்ல எனக்கு வராது.

எனக்கு இரண்டு தடவை கரு தங்கிக் கலைந்தது. ஐந்தாம் வருஷம் மூன்றாவது தடவை தங்கியது. அசையக் கூடாது, படுத்தே இருக்கவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். முன்னறையில் ஒரு இரும்புக் கட்டில், அதைப் போட ஒரே ஒரு இடம்தான். நாள் முழுக்க அதில் மல்லாந்து கிடந்தேன். மல்லாந்து கிடந்தால் தெரிவது மட்டப்பா ஒன்றுதான். எனக்கு நேர் மேலே ஒரு வெடிப்பு இருந்தது. முதலில் தலைமுடி கனம். இரண்டு மாதத்தில் அதற்குள் ஒரு பென்சிலைச் சொருகலாம். ராத்திரி பகல் இல்லாமல் பொடி உதிரும், காலையில் என் வயிற்றின் மேல் சேலையில் சிவப்பாகத் தூசி கிடக்கும். என் பிள்ளை உள்ளே புரளும்போதெல்லாம் நான் மேலே பார்ப்பேன். அப்படி ஒரு பயம் எதிரிக்கும் வேண்டாம்.

வீட்டுக்காரர் போய்ச் சொன்னார். இந்தத் தடவை பெட்டி எடுக்கவில்லையாம் அண்ணாச்சி. அதைவிட நல்லதாக ஒன்று கையில் வைத்திருந்தார்.

"தம்பி, நான் சொல்லணும்னு இல்ல, உமக்கே தெரியும். மாசமா இருக்கிற பிள்ள இருக்கிற வீட்டுல கடப்பாரை வைக்கப்பிடாது. ஆணிகூட அடிக்கப்பிடாது. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். டீச்சர் பெத்துப் பொழைச்சு வரட்டும், பெறவு மட்டப்பாவையே மாத்திருவோம்."

இது ஊர்வழக்கம்தான். வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் இடிக்க மாட்டார்கள், தோண்ட மாட்டார்கள், வீடு மாறவும் கூடாது என்பார்கள். எங்கள் அம்மாவும் இதைத்தான் சொன்னாள். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தார். சாமி மண்ணை ஊதித் தள்ளிய மனுஷனுக்குச் சாஸ்திரம் என்ன திடீரென்று என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. அவர் அப்படி. நான் படுத்துக் கிடந்தேன், இல்லாவிட்டால் கேட்டிருப்பேன்.

"சாஸ்திரமும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், வீடு மாறுவோம்" என்றேன். புளியங்குடி ரோட்டில் ஒரு வீடு அமைந்தது. புது வீடு, கான்கிரீட். அம்மா அழுதாள். இரண்டு கலைந்த பிறகும் உனக்குப் புத்தி வரவில்லையா, ஏழாம் மாசத்தில் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு அலைவாயா என்று கேட்டாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன். வருகிற புதன்கிழமை சாவி வாங்குவதாகப் பேச்சு.

திங்கட்கிழமை காலையில் வளவுக்குள் மூங்கில் வந்து இறங்கியது. சாரம் கட்டினார்கள். பின்னாலேயே சுண்ணாம்பு மூட்டை, சிமெண்டு மூட்டை, இரண்டு கொத்தனார்கள். என் வீட்டுக்காரர் ஓடிவந்து, "ஏட்டி, ஆரம்பிச்சிட்டாரு! வேலய ஆரம்பிச்சிட்டாரு!" என்றார். ஐந்து வீட்டுப் பெண்களும் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். மூன்றாம் வீட்டு அக்கா குலவையே போட்டாள். கொத்தனார்களுக்கு யார் காப்பி கொடுப்பது என்று போட்டி. நான் கட்டிலில் படுத்தபடி அழுதேன், சந்தோஷத்தில். வெளியே பூச்சுவேலை நடந்தாலே மனுஷன் இறங்கி வந்துவிட்டார் என்றுதானே அர்த்தம், உள்ளே என் பிரசவம் முடிந்ததும் பார்த்துக்கொள்வார் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அம்மாவுக்கும் நிம்மதி, வீடு மாற வேண்டாம். அன்று சாயங்காலமே வீட்டுக்காரர் போய், அந்தப் புது வீடு எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் திரும்பி வந்து சேர்வதற்குள் அதை வேறு ஆளுக்குப் பேசி முடித்துவிட்டார்களாம். எனக்கு அதுவும் நல்ல சகுனமாகத் தெரிந்தது. அவ்வளவு அறிவு எனக்கு.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் முகப்பு மட்டும் பூசினார்கள். ஐந்து வீட்டு முகப்புக்கும் வெள்ளை, கதவுகளுக்குப் பச்சை. வியாழக்கிழமை காலையில் சாரத்தை அவிழ்த்தார்கள். மூங்கில் ஏறிய வண்டி வெளியே போனது, கேமராவோடு ஒரு ஆள் உள்ளே வந்தார்.

விஷயம் இதுதான். லண்டனில் அந்தப் பெட்டிக்காரர்கள், கேட்டவர்களுடைய சொந்த வீட்டையும் பெட்டியில் எழுதித் தருவார்களாம். ஒரு நல்ல ஃபோட்டோ அனுப்பினால் போதும். மகள் சொல்லியிருக்கிறாள். அண்ணாச்சி தன் வளவையும் உலகக் கட்டடங்களோடு அலமாரியில் உட்காரவைக்கக் கிளம்பிவிட்டார்.

கொடிகளில் காய்ந்த துணியை எல்லாம் எடுக்கச் சொன்னார். பம்படியில் இருந்த குடங்களை மறைக்கச் சொன்னார். நான் நடக்கக் கூடாது என்பதை மறந்து, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றேன். என்னைப் பார்த்ததும் கைகாட்டினார். "டீச்சர், நீங்க செத்த நேரம் உள்ள போங்க. வயிறு ஃபோட்டோவுல விழுது."

"அண்ணாச்சி, உள்ள எப்ப பூசுவிய?"

"அதான் சொன்னேன்லா, உள்ள கை வைக்கப்பிடாதுன்னு."

"வெளிய மட்டும் வைக்கலாமாக்கும்?"

"வெளிய வெள்ளதான டீச்சர் அடிச்சேன்? அது மூஞ்சிக்கு பவுடர் போடுத மாதிரி. அதுல ஒரு பாவமும் இல்ல."

"அண்ணாச்சி, நாங்க போக இருந்த வீட்டையும் விட்டுட்டோம். எம் பிள்ளைக்கு நேர மேல அது தொங்குது" என்று சொன்னேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் ஆயுசில் நான் அப்படி ஒருத்தரிடம் கெஞ்சியது அது ஒன்றுதான். "ஒண்ணும் ஆகாது டீச்சர், எங்க தாத்தா கட்டுன வளவு" என்றார். கேமராக்காரரிடம் திரும்பி, "வேப்பமரம் முழுசா விழுதா?" என்று கேட்டார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். பின்னால் வந்த பெட்டியில் இரண்டாம் வீட்டுக் கதவு சாத்தியிருப்பது அதனால்தான்.

வேறு வீடு தேடினோம். எட்டு மாதக்காரிக்கு யாரும் வீடு தருவதாக இல்லை. குடிவந்த முதல் மாதமே தீட்டு ஆகும் என்றார்கள். அம்மா வீட்டுக்குப் போகலாம் என்றால், ராயகிரி வரைக்கும் அந்த ரோட்டில் குலுங்கிக்கொண்டு போகவே கூடாது என்றார் டாக்டர். ஐப்பசி பிறந்தது. மழை பிடித்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் மூன்றாம் வீட்டு அக்கா வந்து, "தலையப் பாரு, சிக்கு பிடிச்சுப்போய்க் கெடக்கு. வா, எண்ண வச்சுச் சீவி விடுதேன்" என்று கைத்தாங்கலாக என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். என் வீட்டுக்காரர் சந்தையிலிருந்து வந்தார். தரையெல்லாம் ஈரம். காலியாகக் கிடக்கிறதே என்று என் கட்டிலில் படுத்திருக்கிறார்.

சத்தம் பெரிதாக இல்லை. மூட்டையை இறக்கிப் போட்டதுபோல ஒரே சத்தம். அக்கா சீப்பைப் போட்டுவிட்டு ஓடினாள். நானும் ஓடினேன். ஓடக் கூடாது என்பது யாருக்கு நினைவு? கட்டிலின் மேல் செங்கல்லும் காரையுமாகக் கிடந்தது. தலைப்பக்கம் தப்பிவிட்டது. வலது தோள் அடியில் கிடந்தது. அவர் கத்தக்கூட இல்லை. "நீ எங்கட்டி இருக்க? நீ எங்கட்டி இருக்க?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

நாங்கள் கல்லை எடுத்துக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி குடையோடு வந்தார். வாசலிலேயே நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். அண்ணாந்து மேலே பார்த்தார். பிறகு இரண்டடி பின்னால் போய் வெளிச்சுவரைப் பார்த்தார்.

"முகப்புல ஒரு கீறல் இல்ல, பாத்தியளா" என்றார்.

அக்கா கையில் ஒரு முழுச் செங்கல் இருந்தது. அவள் அதை அவர் மேல் எறியவில்லை என்பது இன்றுவரை எனக்கு ஒரு குறைதான்.

ஆட்டோ வருகிறவரைக்கும் அவர் அங்கேயேதான் நின்றார். போகும்போது என் காதில் விழும்படி சொன்னார்: "கை வைக்காதப்பவே இப்படி. கை வச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? நான் சொன்னது சரியாப்போச்சா இல்லையா?" அதிர்ச்சியில் பேசுகிறார் என்று அப்போது நினைத்தேன். இல்லை, அந்த மனுஷன் உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். பொய் சொல்கிறவனையாவது ஒருநாள் பிடித்து நிறுத்திக் கேட்டுவிடலாம். இப்படி நம்புகிறவனை என்ன செய்வது?

எலும்பு கூடிவிட்டது. ஆனால் அந்தக் கை தோளுக்கு மேலே ஏறாது. சட்டை போட ஒரு ஆள் வேண்டும். கூடை தூக்க முடியாது என்று ஆனபின் சந்தையில் அவரைச் சீட்டு எழுத உட்காரவைத்தார்கள். அடுத்த மாதம் எனக்குப் பெண்பிள்ளை பிறந்தாள். அழகு, ஆரோக்கியம், குறை ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்தே நாங்கள் வேறு வீட்டுக்குப் போய்விட்டோம். தீட்டு என்று மூக்கைச் சுளிக்காத ஒரு மகராசி இடம் கொடுத்தாள்.

சாவியைத் திருப்பிக் கொடுக்க நான்தான் போனேன். அவர் என் புருஷன் கையைப் பற்றிக் கேட்கவில்லை. பிள்ளை என்ன பிள்ளை என்று கேட்கவில்லை. "ஒரு நிமிசம் டீச்சர், நல்ல நேரத்துல வந்திய" என்று உள்ளே போய், வெல்வெட்டைப் பிரித்து, அந்தப் பெட்டியை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தார்.

எங்கள் வளவு. வெள்ளை வெளேர் என்று ஐந்து முகப்புகள். பச்சைக் கதவுகள். வேம்பு இலை இலையாகத் தெரிந்தது. ஆள் இல்லை, கொடி இல்லை, குடம் இல்லை. மேலே அதே நீலம். பொய் சொல்ல மாட்டேன், அழகாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். இத்தனைக்குப் பிறகும் அது அழகாகத்தான் இருந்தது. "இருநூறுல ஒண்ணுன்னு இல்ல டீச்சர், உலகத்துலயே இது ஒண்ணுதான்" என்றார். சாவியை அவருடைய ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு வந்தேன். வளவில் ஒவ்வொருவராகக் காலிசெய்து போய்விட்டார்கள். அக்கா கடைசியாகப் போனாள்.

அதற்குப் பிறகு அவரை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். போன வருஷம் எங்கள் கோவில் ஆடித்தபசுத் திருவிழா. என் மகளுக்கு அப்போது நாலு வயது. சாயங்காலம், தபசிருக்கிற அம்மனுக்குச் சாமி காட்சி கொடுக்கிற நேரம். தெருவில் எள் போட இடமில்லை. வானம்பார்த்த காட்டு ஊர்களிலிருந்து வந்தவர்கள் சாமிமேல் வீசுவதற்குப் பருத்தியும் மிளகாய் வத்தலும் மடியில் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அந்த நேரத்தில் ஊரில் உள்ள அப்பன்மார் எல்லாரும் பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வார்கள். கூட்டத்துக்கு மேலே இன்னொரு கூட்டமாகப் பிள்ளைகள். என் மகள் எங்கள் இடுப்புக்குக் கீழே நின்று, முன்னால் நிற்கிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, தூக்கு" என்றாள்.

அவர் இடது கையால் முயன்றார். ஒரு கையால் நாலு வயசுப் பிள்ளையை எவ்வளவு உயரத்துக்கு ஏற்ற முடியும்? மார்பு வரைக்கும் வந்தாள். வலது கை வரவில்லை. மறுபடி முயன்றார். முகம் வியர்த்து, இறக்கிவிட்டு, "அப்பாவுக்கு முடியலம்மா" என்றார். அதை அவர் சொன்ன விதத்தை என்னால் எழுத முடியாது.

அப்போதுதான் பக்கத்திலிருந்து அந்தக் குரல் கேட்டது, உயராத குரல். "டீச்சர் பிள்ளையா?" வெள்ளை வேட்டி, பட்டை, கொஞ்சம் இளைத்திருந்தார். ஜிப்பா பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் குனிந்து என் மகளுக்கு நீட்டினார். எங்கள் கோவில் கோபுரம், அடுக்கு அடுக்காக, சிலை சிலையாக. "இந்தா மக்கா, இதுல பாரு. அங்கன இந்தக் கூட்டத்துல என்ன தெரியும்? இதுல நல்லாத் தெரியும்."

என் மகள் அதை வாங்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் பொம்பளைகள் பிள்ளையைத் தோளில் ஏற்றுவதில்லை. இடுப்போடு சரி. முந்தானையை இழுத்துச் செருகினேன். குனிந்து, "ஏறு" என்றேன். ஏறினாள். எழுந்து நின்றேன். சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். என் தலையைக் கட்டிக்கொண்டு, "அம்மா, சாமி! அம்மா, சாமி!" என்று காதருகே அலறினாள். அவளுடைய அப்பா கீழே நின்று அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். வத்தலும் பருத்தியும் தலைக்கு மேலே பறந்தன.

பின்னாலிருந்து யாரோ என் முதுகில் விரலால் தட்டினார்கள். திரும்பவில்லை. யார் என்று தெரியும்.

"டீச்சர், பிள்ளைய செத்த எறக்குங்க. எனக்கு மறைக்கி."

"மறைக்கட்டும்" என்றேன்.